பதினாறு ஆம்பியர்

இரவு எட்டேகாலுக்கு விழும்.
மூன்றாம் அறையும் மாடிப்படியும் சேர்ந்து இருளும்.
நான் போய் ஸ்டூல் போட்டு ஏறித்
தூக்கிவிடுவேன், ‘டக்’கென்று நிற்கும்.
கால்மணி கழித்து மறுபடி ‘டக்’,
இம்முறை கீழ்நோக்கி.

தோட்டப்பாளையத்தில், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு
நாள்வாடகைக்கு அறை விடுகிறேன்.
மூன்றில் மால்டாக்காரி திலோத்தமா.
கணவருக்குக் கிட்னி.
எட்டுமணிக்கு இண்டக்‌ஷன் அடுப்பை வைப்பாள்:
உப்பில்லாத கஞ்சி அவருக்கு,
கடுகெண்ணெயில் ஏதோ மீன் தனக்கு.
எனக்குக் கணக்கு பளிச்சென்று விளங்கிவிட்டது.

அடுப்புக்கு முந்நூறு என்று நோட்டில் எழுதினேன்.
அடுத்த வாரம் இன்னொரு முந்நூறு.
அதற்கடுத்த வாரம் அடுப்பே கூடாது.
மருந்துக்கடையில் நிற்கும் வங்காளிப் பையனை விட்டு
வீட்டுச் சட்டங்களை அவர்கள் எழுத்தில் எழுதி வாங்கி
அவள் கதவுக்கு நேரே ஒட்டினேன்.
படித்தாள்.
முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.
அன்றிலிருந்து தெருமுனைப் பொட்டலம்.

சித்திரை. வெயில் நூற்றெட்டு.
அடுப்பு இல்லாமலும் விழுந்தது.
பிறகு விழாமலே மங்கியது,
ஃபேன் தன் மூன்று இறக்கைகளையும்
தனித்தனியே எண்ணிக் காட்டியது.

“முப்பத்திரண்டு ஆம்பியர் போட்டுடு, விழவே விழாது”
என்றேன், காகிதப்பட்டறை சம்பங்கியிடம்.
“விழறதுக்குத்தான சார் அத்த வச்சிக்கீறோம்.”

எண்பத்தாறில் அப்பா அடித்த மரப்பலகை.
ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு
அதன்மேலேயே உட்காரவைத்த தகரப் பெட்டி.
உள்ளே பல்லி முட்டை ஓடுகள்,
நான் எப்போதோ செருகிய தீப்பெட்டி அட்டை.
டெஸ்டரை வைத்தான். எரிந்தது.
“அதான் கரண்ட் இருக்கே!” என்றேன்.
அவன் பையிலிருந்து ஒரு குண்டுபல்பை எடுத்தான்,
நூறு வாட், ஹோல்டரில் இரண்டு ஒயர் தொங்கும்.
வைத்தான்.
இழை மட்டும் சிவந்தது. செத்தது.
“டெஸ்டருக்கு ஆளு கீறானான்னுதான் சார் தெரியும்,
வேலை செய்வானான்னு தெரியாது.”

மெயினை இறக்கினான்.
இறக்கியதை நம்பாமல் இன்னொருமுறை பல்பை வைத்துப் பார்த்தான்.
பிறகுதான் கை.
பிரேக்கருக்கு அடியில் அலுமினிய ஒயர்.
இரண்டு விரலால் இழுத்தான்,
வந்துவிட்டது
பால்பல் மாதிரி.
முனை கரி. உறை வெல்லப்பாகாய் இளகி இறுகியிருந்தது.
பகலில் காய்ந்து இரவில் ஆறி
எத்தனை கோடையோ, ஒரு திருகு
மயிரிழை மயிரிழையாய்ப் பிடியை விட்டிருக்கிறது.

“அப்ப அடுப்பு?”
“அது எட்டு இழுக்கும். இது பதினாறு தாங்கும்.
அது ஒண்ணும் பண்ல சார். சூடு இங்க.”
கருகிய துண்டை நறுக்கி என் உள்ளங்கையில் போட்டான்.
புதுசும் பதினாறே மாட்டினான்.
திருகை முடுக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டான்.
பிரேக்கரோடு சேர்த்து எழுநூறு வாங்கினான்.

மாடிப்படியில் அவள்
எக்ஸ்ரே உறையால் கணவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.
கரண்ட் வந்ததைக் கவனிக்கவில்லை.
அறுநூறை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
பேனாவோடு போய் நோட்டீஸ் முன் நின்றேன்.
நான் சொன்ன சட்டங்கள் ஆறு.
தாளில் ஒன்பது வரி.
எழுத்தெல்லாம் கொடியில் காயும் துணிபோல்
மேல்கோட்டிலிருந்து தொங்கின.
இதில் எது அடுப்பு?

எழுந்து வந்தாள்.
என் பேனாவைப் பார்த்தாள், பணத்தைப் பார்த்தாள்.
கையைப் புடவையில் துடைத்து
ஏழாவது வரியில் விரல் வைத்தாள்.
அடித்தேன்.

விரலை எடுக்கவில்லை.
எட்டாவதுக்கு நகர்த்தினாள்.
அதில் நான் என்ன எழுதச் சொன்னேன் என்று
நினைவில்லை.
அதையும் அடித்தேன்.