கபூல், இரண்டாம் முறை

மஹர் எவ்வளவு என்று கேட்டார்கள்.
முந்நூறு வெள்ளி என்றேன்.
குறைத்துக் கேட்பவளுக்கு பரக்கத் கூடும் என்று
மாமி ரிஹானா கன்னம் வழித்து நெட்டி முறித்தாள்.
அவளேதான் மறுநாள்
தன் மகளுக்கு எடுத்த ஹோட்டலின் விலைப்பட்டியலை அனுப்பினாள்:
மேசை ஒன்று ஆயிரத்து இருநூறு,
நாற்காலி உறை தனி,
உறைக்கு ரிப்பன் தனி.

புளோக்கின் கீழ்த்தளம் போதுமே என்றார் முஸம்மில்.
அத்தா வாய் திறக்கவில்லை.
எண்பத்தொன்பதில் தெலுக் பிளாங்காவில்
அப்படித்தான் நடந்ததாம் அவர் கல்யாணம்.
சாரலில் பிரியாணி நனைந்ததை
இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள்.

நான் எக்செல் தாள் ஒன்றைத் திறந்தேன்.

நிக்காஹ் ஏழு நிமிடம்.
பக்கத்து அறையில்
மருதாணிக் கைகளை மடியில் வைத்து
ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.
கபூல் என்றார்,
நடுவே ஓர் இருமல்.
துஆ முடிந்து பேரீச்சம்பழம் வருமுன்
கேமராப் பையன் குரல்:
"அண்ணே, மைக் ஆன் ஆகல,
இன்னொரு தடவை சொல்லுங்க."
"நிக்காஹ் முடிஞ்சிருச்சு தம்பி" என்றார் காதி.
பையன் விடவில்லை. நாலாயிரம் வெள்ளிப் பேக்கேஜ்.
இரண்டாவது கபூலில் இருமல் இல்லை.
காணொளியில் இருப்பது அதுதான்.

என்னை மணந்தது இருமியவர்.

இரவு பத்தரைக்கு மண்டப மேலாளர்
சிரித்தபடி வந்து நின்றார்.
அரைமணி கூடிவிட்டதாம். முந்நூறு.
அத்தா சட்டைப்பையைத் தடவினார்.
மொய் உறைகள் ஏற்கெனவே மாமாவின் காரில் போயிருந்தன.
மேடைப் பூக்களைப் பிடுங்க ஆட்கள் வந்தாயிற்று,
நாளை தெம்பனிஸில்
வேறொருத்தியின் முதுகுக்குப் பின் பூக்க வேண்டும் அவை.
என் கைப்பையில் பச்சை உறை
பிரிக்காமல் கிடந்தது.
கொடுத்தேன்.
"இது உன் ஹக்கு. கடனாத்தான் வாங்குறேன்" என்றார் முஸம்மில்,
தன் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

இப்போது செங்காங், பதினோராவது மாடி.
சோபா இன்னும் வாங்கவில்லை.
கல்யாணக் கடனின் பத்தொன்பதாம் தவணை
நேற்றுக் கழிந்தது.
ஃபஜ்ருக்கு எழுந்தால் அதே இருமல்,
எனக்கு அலாரம் தேவைப்படுவதில்லை.
எக்செல் தாளில் ஒவ்வொரு வரிசையாகச்
சிவப்பு பச்சையாகிறது.
அறுபத்து நான்கை மட்டும்
நிறம் பூசாமல் வைத்திருக்கிறேன்:
மஹர், முந்நூறு வெள்ளி, வரவேண்டியது.

இன்று காலை மாமியின் குறுஞ்செய்தி.
இளையவளுக்கும் தேதி குறித்தாயிற்றாம்.
அந்தக் கேமராப் பையனின் எண்
என்னிடம் இருக்கிறதா என்று கேட்கிறாள்.