காணும்

தொட்டியின் நீளம் இரண்டு மீட்டர் நாற்பது.
தாங்குசுவரை ஒட்டி வைத்தால் தரை பொறுக்கும் என்று
பொறியாளர் கையெழுத்திட்ட தாள்
சமையலறை இழுப்பறையில் இருக்கிறது.
கடலைக் கலக்கி முடித்தாயிற்று,
ஆயிரத்துத் தொண்ணூறு லீட்டர்.
இனி வெயில் வாங்க வேண்டும்.

ஒரு எல்இடி நூற்றிருபது சென்டிமீட்டருக்கு என்று
பெட்டியில் அச்சடித்திருக்கிறது.
"ரெண்டு காணும்," என்றாள் யசிந்தா.
எங்கள் பேச்சில் போதும் என்றால் காணும்.
"காணாது," என்றேன் நான்.

சோலிங்கன் கடையில் க்ரோனெமான்
பெட்டி சொல்வதில் பாதியை நம்பு என்றார்.
தண்ணீர் ஒளியைத் தின்னும்,
கீழே மணலுக்குக் கிடைப்பது
பந்தி முடிந்தபின் கிடைப்பது.
ஆக நான்கு.
ஒன்றுக்கு நூற்றுத்தொண்ணூறு வாட்,
இருபத்துநான்கு தவணை.

அவள் ஒரு கடித உறையின் முதுகில் பெருக்கினாள்.
மின்சாரம் மாதம் எண்பது யூரோ.
"சூரியன்ர பில் ஆருக்குப் போறது?" என்று கேட்டாள்.
எனக்குப் பதில் வரவில்லை.

நவம்பரில் வூப்பர்டாலுக்கு நாலரைக்கே இருட்டிவிடும்.
ஃபோவிங்கல் பக்கம் வந்தால்
எங்கள் சன்னல் உயரத்தில்தான் தொங்குரயில் போகும்.
விளக்குகளை முதல்முறை முழுதாகத் திறந்த மாலை
ஒரு பெட்டி நிறைய முகங்கள் நீலமாயின,
வளைவில் திரும்பியதும்
அவரவர் நிறத்துக்குப் போயின.

எதிர்வீட்டு டெஷ்னர் அம்மா
குப்பைத்தொட்டியருகே தயங்கித் தயங்கிக் கேட்டாள்,
என்ன செடி வளர்க்கிறீர்கள்?
செடியில்லை, விலங்கு என்றேன்,
ஆனால் கல் மாதிரி இருக்கும், நகராது.
அதற்குப் பிறகுதான்
அவளுக்குச் சந்தேகம் கூடியது.

அதே வாரம் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து
யசிந்தாவுக்கு விட்டமின் டி இல்லை என்றார் மருத்துவர்.
பவளத்துக்கு எழுநூற்று அறுபது வாட்,
பெண்சாதிக்கு ஒரு மாத்திரை.
இதைச் சொன்னது நானில்லை.
சாப்பாட்டு மேசையில், சிரிக்காமல், அவள்.

பத்தாம் நாள்
அக்ரோபோராவின் கிளைநுனி வெளுத்தது.
ஐந்தாவது விளக்குக்கு விலை பார்த்தேன்.
வெளிறிப்போன எதைக் கண்டாலும்
இன்னும் கொஞ்சம் கொடு என்றுதானே கை நீளும்.

வாங்குமுன் அளந்து பார் என்றாள்.
சங்கத்தில் ஐம்பது யூரோ பிணை வைத்து
ஞாயிறு ஒருநாளைக்கு ஒளிமானி எடுத்துவந்தோம்.
குச்சி நுனியில் சட்டைப் பொத்தான் அளவில்
ஒரு வெள்ளைக் கண்.
அவள் தோள்வரை கடலுக்குள்,
நான் கணக்கப்பிள்ளை.

பாறை உச்சியில் அறுநூற்றுப் பத்து.
நடுத்தட்டில் முந்நூறு.
மணலில் நூற்றிருபது.
"உச்சியில நிண்டதைப்
பொரிச்சுப் போட்டியள்," என்றாள்.

இடப்பக்க மூலை, பாறைக்குப் பின்னால், முப்பத்தைந்து.
அங்கே நாங்கள் வாங்காத ஒன்று இருந்தது.
கல்லோடு ஒட்டி எப்போதோ வந்த காளான் பவளம்,
சாயம் கலைந்த ஊதா,
தேநீர்த் தட்டளவு விரிந்து,
அதற்காக யாரும் எந்த விளக்கும் தேர்ந்திருக்கவில்லை.

நாற்பது சதவீதத்துக்கு இறக்கினோம்.
வாரம் மூன்று ஏற்றலாம், அதுவும் பவளம் சம்மதித்தால்,
இது க்ரோனெமான், தொலைபேசியில், வாயில் ஏதோ மென்றபடி.
வெளுத்த நுனி திரும்பவில்லை.
அடியில் கொஞ்சம் பழுப்பு மிச்சமிருக்கிறது.
காலையில் முதல் வேலையாகப் போய் அதைப் பார்க்கிறேன்.

இரவு ஒன்பதரை.
நீலம் மட்டும் எரிகிற அரைமணி.
கதிரையை அந்த மூலைக்கருகே இழுத்துப் போட்டு
மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்குகிறாள்.
தொங்குரயில் போகிறது,
உள்ளே ஒரே ஒரு ஆள், தூக்கம்,
நீலம் அவர்மேல் விழுந்ததும் தெரியாது எழுந்ததும் தெரியாது.

"கொஞ்சம் கூட்டவோ?"
"ஒண்டும் வேண்டாம்," என்கிறாள்
கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல்.
"காணும்."

இன்னும் இருபத்துமூன்று தவணை.