இடக்கை

கோரிமேட்டில் எனக்கு வேலை
கையை நீட்டுவது.
கண்ணாடிக் கூண்டு, இருநூறு கொசு,
எல்லாம் பெண், எல்லாம் காலையிலிருந்து பட்டினி.
முதலில் இடக்கை. அதில் எதுவும் பூசுவதில்லை.
பத்து வந்து உட்கார்ந்தால் பசி நிஜமென்று
எட்வின் குறித்துக்கொள்வார்.
பிறகு வலக்கை, மருந்து பூசியது.
மூன்று நிமிடம். அரைமணி கழித்து மறுபடி மூன்று நிமிடம்.
முதல் கடி விழும்வரை.
மருந்தின் ஆயுள் அதுதான்,
டப்பாவில் அச்சடித்திருப்பது அல்ல.

ஒன்பது வருஷம்.
நோயில்லாத கொசுக்கள், நாங்களே முட்டையிலிருந்து வளர்த்தவை.
மாமியாருக்கு இதை இன்னும் புரியவைக்க முடியவில்லை.

அந்தமானுக்கு டிக்கெட் போட்டாயிற்று.
தணிகைவேலின் எல்.டி.சி., மூன்று பேர், ஐந்து இரவு,
ஹேவ்லாக்கில் ஓலை வேய்ந்த அறை.
"கொசு மருந்து மட்டும் நீ பாத்து வாங்கிடு" என்றார்,
ஆசாரியிடம் தங்கத்தை உரசச் சொல்வதுபோல.

நெல்லித்தோப்பு அந்துவான் மெடிக்கல்ஸில்
பையன் ஏழு டப்பாவைப் பரப்பினான்.
எலுமிச்சைப்புல் ரோல்-ஆன்: "எட்டு மணி நேரம்க்கா, கேரண்டி."
நாற்பது நிமிஷம், தம்பி.
கையில் கட்டும் பட்டை: "புள்ளைங்களுக்கு இதான் ஓடுது."
மணிக்கட்டை விட்டுவிடும். முழங்கையைக் கடிக்கும்.
வேப்பெண்ணெய்:
கொசு கிளம்புவதற்குள் பக்கத்தில் படுத்தவர் கிளம்பிவிடுவார்.
டீட் நல்லதுதான், ஆனால் மிதுனாவின்
பிளாஸ்டிக் வாட்சை இளக்கிவிடும்.
பின்வரிசையில் தூசியோடு ஒரு பிக்காரிடின்.
காலாவதித் தேதி பார்த்தேன், சதவீதம் பார்த்தேன்,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
பையன் என்னை
இன்ஸ்பெக்டர் என்று முடிவுகட்டி பில்லை நேராக எழுதினான்.

இருமல் மருந்துக்கு நின்றிருந்தவர்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பினார்.
"அந்தமானா? அங்க கொசு பெரிசில்லீங்க.
மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது.
எம் மச்சான் ரெண்டு வாரம் சொறிஞ்சான்.
தேங்காயெண்ணெய் தடவுங்க,
அதுலயே வழுக்கிச் சாவும்."

மணல் ஈ.
படித்திருக்கிறேன். படம் பார்த்திருக்கிறேன்.
என் கைக்கு அதைத் தெரியாது.
எந்தக் கூண்டிலும் அது எனக்காகப் பட்டினி கிடந்ததில்லை.
ஒன்பது வருஷமும்
ஒரே ஒரு வாயைப் பற்றிய படிப்பென்று
கல்லாப்பெட்டி முன்னால் நின்று தெரிந்துகொண்டேன்.
அரை லிட்டர் தேங்காயெண்ணெயும் சேர்த்து வாங்கினேன்.
பையன் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை.

லாஸ்பேட்டையில் பெட்டி திறந்து கிடந்தது.
"எதும்மா ஜெயிக்கும்?" என்றாள் மிதுனா.
"தெரியல."
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.
அம்மா வலது: மருந்து.
அப்பா: எண்ணெய்.
"என்னைக் கேக்கவே இல்லியே" என்றார் தணிகைவேல்,
அரைக்கால் சட்டைகளை எண்ணியபடி.
"லீவு போட்டது எதுக்குன்னே மறந்துபோச்சு."
"நீ பேசாம இருப்பா. நான்தான் டைம் பாக்கப் போறேன்."

"அம்மா இடது" என்று எழுதிவிட்டு நிறுத்தினாள்.
"இதுக்கு என்னம்மா?"

அப்போது ஒன்று வந்து உட்கார்ந்தது,
இடது மணிக்கட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே.
நம் ஊர்க் கொசு, சாக்கடையில் பிறந்து
யாரும் வளர்க்காமல் வளர்ந்தது.
நான் அசையவில்லை.
"ஒண்ணு" என்றேன், பழக்கத்தில்.
அடுத்தது எங்கே என்று பார்த்திருக்கையில்
பளார் என்று அடித்தாள் மிதுனா.

அந்தக் கைக்கு அடி விழுந்து எத்தனை வருஷம்.
கொசுவை ஊதித் தள்ளிவிட்டு
கையைத் திருப்பி, தேய்த்து,
இன்னும் காலியாயிருந்த கட்டத்தில்
பென்சிலால் எழுதினாள்:
நான் பாத்துக்கறேன்.