எஸ்ஆர்-7

பரேல், நான்காம் மாடி, முப்பத்தேழு டிகிரி.
இன்குபேட்டர் கதவைத் திறந்து மூடுவதில்
பதினொரு வருடம் போயிருக்கிறது எனக்கு.
ஷாலன் ராணே, ஏழாவது நோயாளி, தேவ்கட்காரி.
அவள் போன பிறகும்
குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு
இரண்டு நான்காகி
நான்கு எட்டாகிக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மழையில் ரயில் நின்ற இரவுகளில்
மாட்டுங்காவுக்கு நடக்காமல்
அவளுக்குத் தீனி மாற்றிவிட்டு
பெஞ்சில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன்.
இளஞ்சிவப்புத் திரவம் மஞ்சளானால்
பசி என்று அர்த்தம்.
என் மகளின் பசிக்கு அப்படி ஒரு நிறம் இருந்ததில்லை.
அவளே சொல்லியிருக்கிறாள், கோபமில்லாமல்.

மே மாதம் தவறாமல் சுஹாஸ் ராணே வருவான்
ஒரு பெட்டி ஆப்பூஸோடு.
செக்யூரிட்டி அறை வாசலில் நின்றபடி கேட்பான்:
ஆயி எப்படி இருக்கிறாள்?
நன்றாக வளர்கிறாள் என்பேன்.
அவளைக் கொன்றதைப் பற்றித்தான்
அப்படிச் சொல்கிறேன் என்று
இருவருமே யோசித்ததில்லை.

ஜனவரியில் வந்தது பரிசோதனை அறிக்கை.
பதினாறு இடங்களில் பதினாறும் பொருந்துகின்றன,
வேறொருத்தியோடு.
ஊர் ஊராய் ஆய்வகம் புகுந்து
குடியேறிவிடும் பழைய செல் ஒன்று.
ஒரு துளி, ஒரு பிப்பெட் முனை,
என்றோ ஒரு மாலை அவசரம்.
என்னுடையதாகத்தான் இருக்கும்.
ஷாலன் இரண்டாம் வாரமே இறந்திருக்கிறாள்,
இரண்டாம் தடவையாக.

நான்கு கட்டுரைகளைத் திரும்பப் பெற
ஒரே கடிதம், இருபது நிமிடம்.
ஒரு காற்புள்ளியை மட்டும் மூன்று முறை மாற்றினேன்.
சத்தமில்லாமல் விட்டிருக்கலாமே, என்றார் டைரக்டர்.
தேநீர் வரவழைத்தார். ஆறும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் ஒன்பது மணி, எம்.எஸ்ஸி. முதலாண்டு.
வளர்ச்சிக் கோடு வரைய வேண்டிய பலகையில்
அந்த அறிக்கையை ஒட்டினேன்.
மின்விசிறி மட்டும் பேசியது.
கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்:
மேடம், இது பரீட்சைக்கு வருமா?
வரும். ஐந்து மதிப்பெண்.
எழுதிக்கொண்டார்கள்.

குடுவைகளில் ப்ளீச் ஊற்றினேன்.
இளஞ்சிவப்பு ஒரு நொடியில் தண்ணீரானது.
யாரென்றே தெரியாத ஒருத்தி
கிழிந்த நூலாய் மிதந்தாள்.
அவளுக்கும்தானே இத்தனை வருடம்
சோறு போட்டிருக்கிறேன்.

இன்று மே பத்து.
கீழேயிருந்து இன்டர்காம்:
மாம்பழம் வந்திருக்கு மேடம்.

லிஃப்ட் ஓடுகிறது.
நான் படியில் இறங்குகிறேன்.