மழை ஆலைக்குப் போகிறவள்

ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடப் படம்.
ஆயிரத்து நாற்பத்தொரு வசனம்.
ஆயிரத்து நாற்பதையும் தமிழாக்கிவிட்டேன்.
கொக்குவிலில் இரவு இரண்டு மணி.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பி
என்னைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறது.

கதை இதுதான்:
கடலுக்கு அடியால் ஒரு ட்ராம் ஓடுகிறது.
மறுகரையில் மழை அரைக்கும் ஆலை.
வீட்டுக்கு ஓராள், ஒன்பது வருட வேலை,
சம்பளமாக ஊருக்கு மழை.
சீட்டில் தம்பியின் பெயர் விழுகிறது.
அக்காக்காரி அவன் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு
விடியமுன் படியிறங்குகிறாள்.

ட்ராம் கண்ணாடியில் மீன் முட்டுவதை வரைந்தவன்
குறிகட்டுவான் பஸ்ஸில் போயிருக்கவேணும்.
இரண்டு பக்கமும் தண்ணி,
கண்டக்டர் மட்டும்
தரையில் நிற்கிறவன்போல் சில்லறை எண்ணுகிறான்.

படியில் நின்று தாயிடம் அவள் சொல்வதுதான்
எழுதாமல் கிடக்கும் அந்த ஒரு வரி.
இத்தெகிமாஸ்.

ரேணுகாந்தன் சேர் இதைப் பலகையில் எழுதி,
'போய்' என்று ஒரு கோடு, 'வருகிறேன்' என்று ஒரு கோடு
கீறிக் காட்டியபோது
வகுப்பே கத்தியது:
"சேர், இது எங்கடை போட்டு வாறன் எல்லோ!"
மூன்று மாதமாக வெளியே நின்ற மொழி
அன்றைக்குத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

பரீட்சையில் ஏழு புள்ளியால் நான் தவறினேன்.
சிவதர்மினி தேறினாள்.
நீகாத்தாவில், முதியோர் இல்லமொன்றில்,
யாரோ பெற்ற தாய்மாரை
இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறாள்.

நாவலை அவள்தான் அனுப்பினாள்,
பழைய புத்தகக்கடை விலைச்சீட்டோடு.
கிணற்றுக்குள் கயிறு விட்டதுபோல்
எழுத்துகள் மேலிருந்து கீழே இறங்குகின்றன.
அகராதியைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன்,
பக்கத்துக்கு ஒரு பின்னேரம்.
அதே படி. அதே சப்பாத்து.
ஆனால் அங்கே அவள் சொல்வது
இக்கிமாஸ்.
போறன். அவ்வளவுதான்.
நாவலில் அவள் திரும்பவில்லை.
படம் எடுத்தவர்கள்
நடுவில் இரண்டு எழுத்தைச் செருகி
ஒரு பிள்ளையைக் கரைசேர்த்திருக்கிறார்கள்.

கட்டுநாயக்கவுக்கு வான் வந்து நின்றபோது
தர்மினியும் அப்படித்தான்.
"அப்ப நான் போறன்."
தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்:
"சொல்லை மாத்து."
மாத்தவில்லை. சிரித்தாள்.
கதவை இழுத்துச் சாத்த இரண்டுதரம் வேண்டியிருந்தது.
போன கிழமை கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.
மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன, துடித்தன.
"நைட் ஷிப்ட். பிறகு கதைக்கிறன்."

வரிக்கு இரண்டு வினாடி தருகிறது கணினி.
'போறன்' என்று அடித்தேன். அழித்தேன்.
'போய் வருகிறேன்' என்றால்
செய்தி வாசிக்கிறவள் புறப்படுவதுபோல் இருக்கிறது.
மூன்று மணிக்கு
'போட்டு வாறன் அம்மா' என்று எழுதிச் சேமித்தேன்.
அம்மா என்பது மூலத்தில் இல்லை.

ஞாயிறு. ரியூசன் கொட்டகை.
படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி
நூற்றுப்பத்து பிளாஸ்ரிக் கதிரை.
நான் பகிடி என்று நினைத்த இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை;
மீன் தும்மியபோது கொட்டகை அதிர்ந்தது.
பிறகு அந்தப் படி வந்தது. என் வரி வந்தது.
தாய் உடனே பதில் சொல்லமாட்டாள்.
நான்கு வினாடி முகம் மட்டும்,
பின்னால் ஒரு கேத்தில் கொதிக்கிறது.
அந்த நான்குக்குள்
வாசலில் எண்ணெய்க் கானோடு நின்ற
ஜெனரேட்டர்க்காரர் அருள்ஞானம்,
பழக்கதோசத்தில், பாதி கவனத்தில்,
"ஓம், கவனமாப் போட்டு வா பிள்ளை" என்றார்.
சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அதன்பிறகுதான் திரையில் தாய் வாய் திறந்தாள்,
அதே சொல்லோடு.
கீழே என் எழுத்து அரை வினாடி பிந்தி வந்தது.

எல்லாரும் போனபின்
கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது கேட்டார்:
"இடையிலை எண்ணெய் விடப் போயிட்டன்.
அந்தப் பிள்ளை திரும்பி வந்திட்டுதோ?"
"படத்திலை வந்திட்டுது அண்ணை."
"அப்ப சரி" என்று
பத்துக் கதிரையை ஒரேயடியாகத் தூக்கினார்.