ஐம்பத்திரண்டு பவுண்டு

ராம்நகர் மூன்றாவது சந்தில்
லேத் பட்டறைக்கும் பேக்கரிக்கும் நடுவே
எட்டுக்குப் பத்துக் கடை என்னுடையது.
டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டுகிறேன்.
நோட்டில் தேதி, பெயர், பவுண்டு.
வேறெதுவும் எழுதுவதில்லை.

ரேணுகாதேவி.
பெயருக்கு நேரே முதல் எண் அறுபது.
பத்தொன்பது வயதில், சூலூரிலிருந்து
அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்து
"கம்பியாட்டம் இருக்கோணுமுங்ணா" என்றாள்.
மிஷின் முனகியது.
அந்த ஆடியில் மாநிலக் கோப்பை.
அடுத்த ஆடியிலும்.
பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்,
பத்திரிகைக்காரர்கள் எண்ணினார்கள்: ஒன்பது.

குழந்தை பிறந்த வருடம் ஐம்பத்தெட்டு.
முழங்கையில் ஊசி போட்ட ஐப்பசி, ஐம்பத்தாறு.
அப்புறம் ஐந்து வருடம் ஐம்பத்தைந்திலேயே நின்றாள்,
பேச்சுவார்த்தை முறிந்த மில் தொழிலாளி மாதிரி.
இந்த முறை
கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா
என்று பார்த்துக்கொண்டு
"அம்பத்திரெண்டு போதுமுங்ணா" என்றாள்,
கைமாத்துக் கேட்கிற குரலில்.

பேக்கரியில் தேங்காய் பன்னைப் பிய்த்தபடி
ஊர் கணக்குப் போட்டது.
வயசு முப்பத்தொம்பது.
கடைசியாக் கோப்பையத் தொட்டு நாலு வருசம்.
எதுத்தாப்புல நிக்கிறது ஈரோட்டுப் புள்ள, பதினெட்டு,
வெறகு பொளக்கறாப்புல அடிக்குது.
"இன்னும் செயிக்குமாங்க அந்தம்மா?"
பம்ப்செட் கம்பெனி சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கினார்:
"காயிலை ரீவைண்டிங் பண்ணிப்போடலாம்.
பேரிங் போனா?"
எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
டீ சுடுகிறது என்றேன்.

தளர்ந்த நரம்பு
பந்தை ஒரு கண்ணிமை கூடுதலாக வைத்திருக்கும்.
பிறகு தன் பங்கு வேகத்தையும் சேர்த்து அனுப்பும்.
தோளுக்கு அவ்வளவு மிச்சம்.
ஆனால் எங்கே விழவேண்டும் என்று அது சொல்லாது,
கைதான் சொல்லவேண்டும்.
எத்தனையோ பந்தை வெளியே அடித்துப் பார்த்த கை.

ஈரோட்டுப் பிள்ளையின் மட்டைகளும் என்னிடம்தான் வந்தன.
கவின்மலர், அறுபது, மூன்று மட்டை.
அன்று ராத்திரி
இரண்டு பேருடையதும் ஒரே ஆணியில் தொங்கின.
ஒரு பவுண்டு கூட்டலாம், ஒரு பவுண்டு குறைக்கலாம்,
யார் கேட்பார்கள்?
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
சொன்ன எண்ணையே கட்டிவிட்டு
ஷட்டரை இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பைனல்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
மத்தியானமே வந்துவிட்டது.
அம்மியெல்லாம் பறக்கவில்லை, பந்து பறந்தது.
முதல் செட் இரண்டுக்கு ஆறு.
வேலியோரம் நின்றவர்கள் வண்டிச் சாவியைத் தேடினார்கள்.

அதன்பிறகு அவள் பந்தை உயரத் தூக்கிப்போடவில்லை.
தலைக்கு மேலே ஒரு முழம், அவ்வளவுதான்.
கவின்மலரின் மட்டையில் டங் டங் என்று சத்தம்,
கோட்டைத் தொட வேண்டிய பந்தைக்
காற்று வாங்கிக்கொண்டு அரையடி தள்ளி வைத்தது.
ரேணுகாவின் மட்டையில் சத்தமே இல்லை.
தொப்பென்று வலைக்குப் பக்கத்தில்
நனைந்த துணி விழுவது மாதிரி.
அந்தப் பிள்ளை ஓடி வந்தது, குனிந்தது,
திரும்பவும் ஓடி வந்தது.

மூன்றாவது செட், ஆறுக்கு ஐந்து.
அடித்த அடியில் நரம்பு அறுந்தது.
எனக்குக் கேட்டது, வேறு யாருக்குக் கேட்டதோ தெரியாது.
அறுந்த மட்டையோடேயே முன்னால் வந்து
அடுத்த பந்தை வெறுமனே தடுத்தாள்.
அது விழுந்து, இரண்டாவது முறை எழும்பவே யோசித்தது.

பத்து.

பேக்கரியில் அதே வாய், அதே பன்:
"அதான் செயிச்சாச்சுல்லங்க,
மருவாதியா இதோட நிறுத்திப்போடலாமில்ல?"

திங்கட்கிழமை மட்டையைக் கொண்டுவந்தாள்.
நரம்பு நட்டநடுவில் அறுந்திருந்தது.
பார்வை தப்பியவர்களுக்கு ஓரத்தில்தான் அறும்.
அதை அவளிடம் சொல்லவில்லை,
அவளுக்குத் தெரியாததா.
"அடுத்தது ஐதராபாத்துங்ணா, பதினாறாந் தேதி."
எத்தனை என்று கேட்டேன்.
முழங்கையை ஒருமுறை மடக்கி, நீட்டினாள்.
லேத் பட்டறையில் கரண்ட் போய்
திடீரென்று சந்தே அமைதியானது,
அதனால் மெதுவாகத்தான் சொன்னாள்.

ஐம்பத்தொன்று.
எழுதிக்கொண்டேன்.