உப்புத் தண்ணீர்

தார்த்து நகரத்து ஆய்வகத்தில்
எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.
பெயர்கள் என்னிடம் வரக் கூடாது.
நாற்பத்தேழு என்றால் நாற்பத்தேழுதான்.

ஆனால் நாற்பத்தேழின் தாய்
படிவத்தின் ஓரத்தில் எழுதுகிறவள்.
கட்டத்துக்குள்: எரிச்சல், மூன்று.
கட்டத்துக்கு வெளியே, பென்சிலில்:
"காரெல் இன்று மணிக்கட்டைக் கடிக்கவில்லை.
எட்டாம் எண் பேருந்தின் கதவு மூடும் ஓசையை
அப்படியே வாயால் செய்தான்.
ஓட்டுநர் ஏமாந்து திரும்பிப் பார்த்தார்."
ஏற்றுவதற்கு என்னிடம் கட்டமில்லை.

காலையில் இரு நாசியிலும் ஒவ்வொரு பீச்சல்.
மருந்தா, வெறும் நீரா,
அவளுக்குத் தெரியாது, மருத்துவருக்குத் தெரியாது,
எனக்கும்.

ஆறு உறைந்தது.
ஏழாம் வாரம்:
"சன்னலருகே நின்று நிலா என்றான்."
எங்கள் மொழியில் அது ஓரசைச் சொல்,
வாயைக் குவித்தால் வந்துவிடும்.
அவளுக்கு வர ஒன்பது வருஷம் ஆயிற்று.
பத்தாம் வாரம்: எரிச்சல், ஒன்று.
தேவையே இல்லாமல்
அந்த ஒன்றை இருமுறை சரிபார்த்தேன்.

மார்ச்சில் உறைகளைப் பிரித்தோம்.
நாற்பத்தேழு: உப்புத் தண்ணீர்.
மருந்து எடுத்தவர்களும் தேறியிருந்தார்கள்
தண்ணீர் எடுத்தவர்களும் தேறியிருந்தார்கள்
திரையில் இரண்டு கோடுகளும்
உறங்கும் நாய்க்குட்டிகள் போல
ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன.
"வேறுபாடு இல்லை" என்றார் டாக்டர் விர்வே.
அதன்பின் வெகுநேரம்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மகனைக் கீழே தம்பியிடம் விட்டுவிட்டு அவள் வந்தாள்.
அன்றுதான் பெயர் தெரிந்தது, மாரிகா.
கதவைச் சாத்தவில்லை; எனக்குக் கேட்டது.
அவள் அழவில்லை.
"அப்படியென்றால் அந்த நிலா யாருடையது?"

யாருடையது.
அவன் வளர்ந்ததா?
பன்னிரண்டு வாரம் ஒருத்தி
கண்கொட்டாமல் பார்த்ததா?
எண் எழுதும் கை
ஆசையில் சற்றே சாய்ந்ததா?
எங்கள் மென்பொருளில் இவை எல்லாவற்றுக்கும்
ஒரே பெயர்.

விர்வே மெல்லச் சொன்னார்:
சொல்லைக் கொண்டுவரும் என்று
எந்த மருந்தும் இதுவரை நிரூபணமாகவில்லை.
கடியும் அடியும் மிஞ்சினால் ஒரு மாத்திரை உண்டு,
அதற்குச் சான்றும் உண்டு.
சான்றின் கூடவே பசியும் வரும்.
நள்ளிரவில் எழுந்து ரொட்டிப் பெட்டியைத் திறப்பான்,
கோடை வருமுன் கால்சட்டை இறுகும்,
எடையும் ரத்தமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.
வேண்டுமா என்று இன்றைக்கே சொல்ல வேண்டாம்.

மாரிகா கையுறையை மாட்டினாள், கழற்றினாள்.
"அவனைக் கேட்கிறேன்."
எங்கள் படிவத்தில் பதினொரு பக்கம்.
அவனைக் கேட்க ஒரு வரி இல்லை.

அவள் படியிறங்கும்போது
கீழே நிறுத்தத்தில் எட்டாம் எண் வந்து நின்றது.
கதவு மூடுவது கேட்டது,
ஷ்ஷ்ஷ், டொக்.
பேருந்தைத் தவறவிட்டாளோ என்று
சன்னலுக்கு ஓடிப் பார்த்தேன்.

கதவு இன்னும் திறந்தேதான் இருந்தது.